மனுக்காவும் மண்மேடும்

இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வெள்ளை விரிப்புகளை வெளுத்தவளுக்கு, அழுக்கைக் கண்டும் காணாமல் போகிற கலை மட்டும் கடைசிவரை கைவரவில்லை. ஒரு கறையைப் பார்த்தால் அது மருந்தா, டீயா, ரத்தமா, எந்த வார்டு, எத்தனை மணி நேரம் ஊறியது என்று சொல்லிவிடுவாள். ஊருக்கு மேற்கே இரும்புச் சுரங்கம் திறந்த வருடம், காயப்போட்ட விரிப்புகளில் ஒரு புதுக் கறை வந்து உட்கார்ந்தது. செங்கல்பொடி நிறம். சோப்புக்கும் போகவில்லை, சோடாவுக்கும் போகவில்லை, கொதிக்கிற தண்ணீருக்கும் மசியவில்லை. நோயாளிகள் இளஞ்சிவப்பு விரிப்பில் படுத்துக்கொண்டு, இது என்ன புது வைத்தியமா என்று டாக்டரைக் கேட்டார்கள்.

அன்று மத்தியானமே அவள் முதல் மனுவை எழுதினாள்.

"ஐயா, வணக்கம். உங்கள் சுரங்கத்துப் புழுதி எங்கள் விரிப்பில் இருக்கிறது. தயவுசெய்து வந்து எடுத்துக்கொண்டு போகவும்."

பதில் வரவில்லை. இரண்டாவது எழுதினாள், மூன்றாவது எழுதினாள். கூரைத் தகரத்தைப் பற்றி ஒன்று. குடிதண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒன்று. புழுதிப் புல்லைத் தின்று பக்கத்து வீட்டு ஆடுகளின் பல் தேய்ந்துபோனது பற்றி இரண்டு; முதலாவது ஆட்டுக்காரர் சார்பில், இரண்டாவது ஆட்டின் சார்பில். பன்னிரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று மனு. ஊரில் அவளை மனுக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, வங்கிப் புத்தகத்தில் இருக்கும் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்காத நிலை வந்துவிட்டது.

அந்த அறுபத்து மூன்றில் ஒன்று மட்டும் ஒரே வரி. வீட்டுக்குப் பின்னால் அவள் வைத்து வளர்த்த எலுமிச்சை மரம் இருந்தது. இலைமேல் புழுதி படிந்து படிந்து மரமே மண்ணால் செய்து வைத்தது போல் ஆனது. பூத்தது, ஆனால் பூ பிஞ்சாகாமலே உதிர்ந்தது. காலையில் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். மத்தியானம் இரண்டு மணிக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். இரண்டேகால் மணிக்குத் துடைத்ததெல்லாம் பழையபடி. மூன்றாவது கோடையில் மரம் பட்டுப்போனது. அன்று எழுதினாள்: "ஐயா, எலுமிச்சை போய்விட்டது." சுரங்க அலுவலகத்தின் முன்மேசையில் தபால் வாங்குகிற பெண், அந்த ஒரு காகிதத்துக்கு மட்டும் எந்த முத்திரை குத்துவது என்று தெரியாமல் முழு நாளும் மேசைமேலேயே வைத்திருந்தாளாம்.

இதில் பெரிய சங்கடம், மனுக்காவின் வீட்டுக்காரர் அதே சுரங்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். சுரங்கத்து மண்சாலையில் புழுதி பறக்காமல் தண்ணீர் தெளிப்பது அவர் வேலை. புழுதியைக் கிளப்புகிறவர்கள் முந்நூறு பேர், அடக்குகிறவர் அவர் ஒருத்தர். வாழ்க்கையில் அவர் அதிகம் பேசியதில்லை. பேச வேண்டியதையெல்லாம் மனைவி பேசிவிடுவதால் மிச்சம் இருக்காது.

மேலாளர் அவரைக் கூப்பிட்டு, "என்னங்க, உங்க வீட்டம்மா மறுபடியும் எழுதியிருக்காங்களே?" என்பார்.

"தெரியும் சார். தபால்ல போட்டா லேட்டாகும்னு நான்தான் கொண்டுவந்து குடுத்தேன்."

"கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொல்லிப் பாத்தேன் சார். எழுத்துப்பிழை இருக்குன்னு சொன்னேன். திருத்திட்டா."

மேலாளர் கெட்டவரில்லை. அவருக்குச் சிவப்பு ஆகாது, அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேசையைத் துடைப்பார், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைத் துடைப்பார். அலுவலக வாசலில் ஒரு புல்தரை வளர்த்திருந்தார். அந்தப் பகுதியிலேயே பச்சை என்று சொல்ல அது ஒன்றுதான். காலையும் மாலையும் தண்ணீர், நாலு மூலையிலும் ரோஜாத் தொட்டி, நடுவில் "புல்லை மிதிக்காதீர்" என்று பலகை. மனசு சரியில்லாத நாளில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மனுக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது ஆஸ்பத்திரிக்குச் சலவை இயந்திரம் வந்தது. அவள் வீட்டுக்கு வந்தாள். முன்பு ஞாயிற்றுக்கிழமைதான் மனு எழுத நேரம் கிடைக்கும். இப்போது வாரத்தில் ஏழு நாளும் ஞாயிறு. நிலைமை முற்றுவதற்குள் மேலாளர் ஒரு யோசனை செய்தார். அவளை அலுவலகத்துக்கு வரவழைத்து, நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்.

"அம்மா, வெளியில இருந்து எழுதிட்டே இருக்கிறதுக்கு, உள்ள வந்து நீங்களே பாத்துக்கலாமே. சுரங்கத்தைச் சுத்தியும் மண்மேட்டு மேலேயும் ரெண்டாயிரம் மரக்கன்னு வளக்கணும்னு அரசாங்கத்துல விதி. அதுக்கு ஆள் இல்ல. பசுமை வளையப் பொறுப்பாளர்னு உங்களுக்குப் பதவி."

வாய்க்குப் பூட்டு போடுகிறார் என்பது அவளுக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் எதிரியின் வீட்டு அடுப்படிவரை போய்ப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பை எவள் விடுவாள்?

"எனக்கு ஒரு மேசை வேணும்," என்றாள்.

மேசை கொடுத்தார்கள். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பூவாளி, ஒரு ரப்பர் குழாய், ஒரு பெரிய பதிவேடு.

சுரங்கத்தில் இரும்பு எடுப்பதற்கு முன்னால், மேலே கிடக்கும் வேண்டாத கல்லையும் மண்ணையும் வெட்டி ஓர் ஓரமாகக் கொட்டுவார்கள். பன்னிரண்டு வருடம் கொட்டிக் கொட்டி அது ஒரு மலையாக நின்றது. அதுதான் மண்மேடு. அதற்கு நேர் கீழே அலுவலகம், அதற்கப்பால் சாலை, அதற்கப்பால் ஊர். மழை பெய்தால் மேடு கரைந்து சாலைக்கு வரும்; வெயிலடித்தால் காய்ந்து வீட்டுக்குள் வரும். ஊர்க்காரர்களுக்கு அது எப்படியும் வரும் விருந்தாளி.

மேட்டின் சரிவெங்கும் மரக்கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட தகடு. மனுக்கா முதல் நாள் ஏறிப் பார்த்தபோது தகடுகள் எல்லாம் நன்றாக இருந்தன. கன்றுகள்தான் பெரும்பாலும் இல்லை. இருந்தவையும், பரீட்சையில் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகத் தயங்கி நிற்கும் பிள்ளைகள் மாதிரி தலையைத் தொங்கப்போட்டு நின்றன. அவள் குழாயைப் பிடித்து ஒவ்வொரு இலையாகக் கழுவினாள். அது அவளுக்குத் தெரிந்த வேலை. தண்ணீரும் ஊற்றினாள். பத்து நாளில் இன்னும் நாற்பது போயின.

வழக்கம்போல உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். "ஐயா, மண்மேட்டுக் கன்றுகள் வாடுகின்றன. தண்ணீர் போதவில்லை. உடனே கவனிக்கவும்." மேலாளர் மேசைக்கென்று எழுதி, முன்மேசைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் கொட்டகைக்கு வந்து ஒரு உறையை நீட்டினாள். "அக்கா, உங்களுக்கு ஒரு புகார் வந்திருக்கு."

"எனக்கா? எவ அவ?"

பிரித்துப் பார்த்தாள். கையெழுத்து எங்கேயோ பார்த்தது போல் இருந்தது. மேலே ஊதா முத்திரை: 'உரிய பிரிவின் நடவடிக்கைக்கு.'

"கன்னு, மரம், இலைன்னு எது வந்தாலும் இனிமே பசுமைப் பிரிவுக்குத்தான் அனுப்பணும்னு சார் சொல்லியிருக்காருக்கா. பசுமைப் பிரிவுன்னா நீங்கதான்."

"இது நான் எழுதினதுடி!"

"அது எனக்கும் தெரியுது. ஏழு நாளுக்குள்ள பதில் போட்டுடுங்க. இல்லேன்னா சிவப்பு முத்திரை குத்தணும். குத்தினா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

மனுக்கா அலுவலகத்துப் பழைய கோப்பைப் புரட்டி, பதில் என்றால் எப்படி எழுதுவார்கள் என்று பார்த்தாள். எல்லாம் ஒரே அச்சு. அதையே எழுதினாள்: "தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. பரிசீலனையில் உள்ளது." கையெழுத்திட்டு, எண் போட்டு, அனுப்புகை மேசையில் வைத்தாள். வீட்டுக்காரர் சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் கூடத்தில் உட்கார்ந்து பிரித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"பரிசீலனையாமே பரிசீலனை! கன்னு காய்ஞ்சு கருவாடா கிடக்கு, இவங்க உக்காந்து பரிசீலிக்கிறாங்களாம். எவ்வளவு திமிரு பாருங்க!"

வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "நீதானே எழுதின?"

"நானே எழுதினா என்ன? பதில்னா பதிலா இருக்க வேண்டாமா?"

அன்றைக்கே மறுமனு எழுதினாள். கடுமையாகத்தான் எழுதினாள். அது நாலாம் நாள் கொட்டகைக்கு வந்தது. மனுதாரரின் தொனி பொறுப்பாளரைப் புண்படுத்தியது. "தாங்கள் பொறுமை காக்க வேண்டும்" என்று பதில் போனது. பொறுமையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று அடுத்த மனு வந்தது. இப்படியே மூன்று மாதம், பதினோரு மனு, பதினோரு பதில். முன்மேசைப் பெண் கோப்பு தனியாகப் போட்டாள். ஓட்டுநர்கள் டீக்கடையில், "இந்த வாரம் யார் கை ஓங்கியிருக்கு, எழுதுறவங்களா, பதில் சொல்றவங்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

விளையாட்டாக இருந்தாலும் மனுக்காவுக்கு ராத்தூக்கம் பிடிக்கவில்லை. பதில் சொல்கிறவளிடம் பதில் இல்லை, அதுதான் விஷயம். தண்ணீர் லாரியிலிருந்து தினம் ஒரு முறை மேட்டுக்கும் ஊற்றச் சொல்லி வீட்டுக்காரரை நச்சரித்து வாங்கிவிட்டாள். அப்படியும் கன்றுகள் செத்தன. ஒருநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், செத்த கன்று ஒன்றின் குழியைத் தோண்டினாள்.

மண்வெட்டி 'ணங்' என்றது. ஒரு சாணுக்குக் கீழே எல்லாம் மஞ்சளும் சாம்பலுமான கல்பொடி, இறுகி ஓடு போலக் கிடந்தது. ஊற்றிய தண்ணீர் கண்ணாடிமேல் ஊற்றியது போல் வழிந்து ஓடியது. வேர் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, வெளியே போக வழி தெரியாமல் சுருண்டு காய்ந்திருந்தது. ஒரு புழு இல்லை. ஒரு எறும்பு இல்லை. அவள் கையில் ஒரு பிடி எடுத்துப் பிசைந்தாள், முகர்ந்தாள். ஒரு வாசனையும் இல்லை.

அப்போது அவள் கண் கீழே போனது. உணவுக்கூடத்துக்குப் பின்னால், துருப்பிடித்த பீப்பாய்களுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்னக் குன்று. அதன்மேல் ஆமணக்கு ஆள் உயரத்துக்கு நின்றது. புல் இடுப்பளவு. யாரோ சாப்பிட்டுத் துப்பிய கொட்டையிலிருந்து முளைத்த கொய்யா ஒன்று காய்த்தே இருந்தது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, யாரும் தகடு மாட்டவில்லை.

அங்கே பொக்லைன்காரர் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சுரங்கம் திறந்த நாளிலிருந்து மண் அள்ளுகிறவர்.

"அண்ணே, இது என்ன மண்ணு?"

"இதுவா? முதல் முதல்ல அள்ளினது. இந்த இடமெல்லாம் புதர்க்காடா இருந்துச்சு. மேல ஒரு முழம் கறுப்பு மண்ணு. அதைத் தனியா வழிச்சு வெக்கணும், கடைசியில மேட்டு மேல பரப்பணும்னு அப்ப இருந்த பெரிய சார் சொன்னாரு. அவரு போயிட்டாரு. மண்ணு இருக்கு."

"இவ்வளவுதான் இருந்துச்சா?"

"இதைப் போல மூணு பங்கு இருந்துச்சு." அவர் பீடியால் அலுவலக வாசலைக் காட்டினார். "மிச்சமெல்லாம் அங்க பச்சையா இருக்கு பாருங்க."

மனுக்கா அந்தக் குன்றில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். ஈரமாக இருந்தது. உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது. அன்று மாலை பொறுப்பாளர் மனுதாரருக்கு முதல்முறையாக ஒழுங்கான பதில் எழுதினார். "அம்மா, நீங்கள் சொன்னது பாதிதான் சரி. குறை தண்ணீரில் இல்லை. மேட்டில் இருப்பது மண்ணே இல்லை. உண்மையான மண் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது." வீட்டில் அதைப் படித்துவிட்டு மனுக்கா மடித்துப் பெட்டியில் வைத்தாள். "இப்பதான் ஒரு மனுஷி மாதிரி எழுதியிருக்கா," என்றாள்.

மேலாளரிடம் நேரிலேயே போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியைப் புல்தரைப் பக்கம் திருப்பினார்.

"அம்மா, அந்த மண்ணு வளாகத்தை அழகுபடுத்த ஒதுக்கினது. அடுத்த வருஷம் பின்பக்கமும் புல்தரை போடலாம்னு இருக்கேன்."

"மேடு சரிஞ்சு ஊருக்குள்ள வருதுங்களே சார்."

"அதுக்குத்தானே கன்னு வெச்சிருக்கோம்?"

"கன்னு கல்லுல முளைக்காதுங்களே."

"நீங்க தண்ணி ஊத்துங்க, முளைக்கும்," என்று கண்ணாடியைத் துடைத்தார்.

செவிடன் காதில் ஊதின சங்கு. அவள் வந்து, தோண்டிப் பார்த்ததையெல்லாம் விவரமாக வைத்துப் பன்னிரண்டாவது மனுவை எழுதினாள்.

இதற்கிடையில் ஒரு வாரம் விடாத மழை. மழை விட்ட மறுநாள் கடிதம் வந்தது: நாலு நாளில் அரசாங்க ஆய்வாளர் வந்து கன்றுகளை எண்ணப்போகிறார். இரண்டாயிரத்தில் ஆயிரத்து அறுநூறாவது உயிரோடு இருக்க வேண்டும். மேலாளர் மனுக்காவைக் கூப்பிட்டு, "எத்தனை இருக்கும்?" என்றார். அவள் இரண்டு முறை ஏறி இறங்கி எண்ணியிருந்தாள்.

"முந்நூத்திப் பன்னிரண்டு. அதுல ஒண்ணு சந்தேகம்."

மேலாளர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அப்புறம் இன்னொரு டம்ளர்.

ஆய்வு நாளன்று விடிந்ததும் மனுக்கா வேலைக்கு வந்தபோது மண்மேட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மேடு முழுக்க பச்சை. ஆற்றோரத்து மரங்களிலிருந்து மூன்று லாரி நிறையக் கிளைகளை வெட்டிவந்து, ஒவ்வொரு தகட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று என்று ஆட்கள் குத்தி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

லாரியில் சாய்ந்து நின்ற வீட்டுக்காரர் சொன்னார்: "மரம் இருக்குன்னு காட்ட மரத்தை வெட்டியிருக்காங்க."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

மேலாளர் ஓடி வந்தார். "அம்மா, ஒம்பது மணிக்கு வந்துடுவாங்க. இலையெல்லாம் ஒரு கழுவு கழுவிடுங்க. ஒரு மணி நேரம் தாங்கினா போதும்."

மனுக்கா குழாயைத் தொடவில்லை. நேரே கொட்டகைக்குப் போய் ஒரு காகிதத்தை எடுத்து எழுதினாள்: "மண்மேட்டில் இன்று காலை ஒரே மணி நேரத்தில் ஒரு காடு முளைத்திருக்கிறது. வேர் இல்லை. பொறுப்பாளர் இதற்கு என்ன சொல்கிறார்?" முன்மேசைப் பெண் அதை வாங்கி முத்திரை குத்தி, அங்கேயே திருப்பிக் கொடுத்தாள். மனுக்கா அங்கேயே நின்று பதிலையும் எழுதினாள்: "சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது." இரண்டும் கோப்பில் ஏறின.

ஒன்பது மணிக்கு ஆய்வாளர் வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. முந்தைய வார மழையில் மேட்டிலிருந்து இறங்கிய சேறு சாலையை மூடியிருந்தது. அதில் அவருடைய ஜீப் அச்சுவரை புதைந்துவிட்டது என்று பதினொரு மணிக்குத்தான் தகவல் வந்தது. சுரங்கம் தன் சேற்றால் தன் சோதனையைத் தானே நிறுத்தி வைத்திருந்தது. முதலில் மேலாளருக்குச் சந்தோஷம். பிறகு மேட்டைப் பார்த்தார். வெயில் ஏற ஏற, காடு தலை சாய்க்க ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்குக் கிளைகள் எல்லாம் சாப்பாடு முடிந்து கண் செருகும் குமாஸ்தாக்கள் போல் வளைந்தன. ஒரு மணிக்கு இலைகள் சுருண்டன.

"தண்ணி அடிங்க! லாரியை மேல ஏத்துங்க! குழாயை முழுசாத் திறங்க!" என்று மேலாளர் கத்தினார்.

வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார்: "சார், இது ரோட்டுக்கு அடிக்கிற குழாய். வேகம் ஜாஸ்தி."

"அடிங்கன்னு சொல்றேன்ல!"

அடித்தார். முதல் வரிசைக் கிளைகள் சல்யூட் அடித்தது போல் விறைத்து, அப்படியே மல்லாந்தன. இரண்டாம் வரிசை அவற்றின்மேல் விழுந்தது. மேலாளர் "நிறுத்துங்க" என்று கத்தியது லாரியின் இரைச்சலில் கேட்கவில்லை. கேட்டு நிறுத்தியபோது வேறொரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை, வயிறு உப்பிய மாடு பெருமூச்சு விட்டது போல. ஒரு வார மழையில் உள்ளே ஊறிக் கிடந்த சரிவு, மேலே விழுந்த தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, ஒரு மூலையில் மெல்ல நகர ஆரம்பித்தது. ஆட்கள் விலகி ஓடினார்கள். ஓட வேண்டிய அவசியமே இல்லை. அது நடந்து வருகிற வேகத்தில்தான் வந்தது. முழங்கால் ஆழச் சேறு, அதன்மேல் இருநூறு, முந்நூறு கிளைகள். சில சாய்ந்தும் சில நிமிர்ந்தும், எண் தகடுகளோடு வரிசையாக இறங்கி, அலுவலகச் சுவரைச் சுற்றி வளைந்து, மேலாளரின் புல்தரைக்குள் நுழைந்து, நடுவில் வந்து நின்றது. 'புல்லை மிதிக்காதீர்' பலகை மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்தது.

அப்போதுதான் வாசலில் ஆய்வாளர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்று மைல் நடந்து வந்திருந்தார். கோபப்படத் தெம்பில்லை. புல்தரையில் நின்ற காட்டைப் பார்த்தார். ஒரு கிளையைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்தது. வெட்டிய முனை வெள்ளையாக இருந்தது.

"கன்னுங்களுக்கு யாருங்க பொறுப்பு?" என்றார்.

மேலாளரின் விரல் தானாக மனுக்காவைக் காட்டியது. ஆய்வாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"வாங்கம்மா. முதல்ல காலைக் கழுவுங்க," என்று மனுக்கா பூவாளியைச் சாய்த்தாள். இந்தச் சிவப்பு தோலில் காய்ந்தால் போகாது என்பது அவளுக்குத் தெரியும். கழுவி முடித்ததும் கோப்பைக் கையில் கொடுத்தாள். ஆய்வாளர் வாசல்படியிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். நாலாவது காகிதத்தில் அவர் வாயோரம் துடித்தது. ஒன்பதாவதில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பன்னிரண்டாவது மனுவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குழி, கல்பொடி, வேர், உணவுக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மண் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தார்.

"எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"பதில் சொன்னது?"

"அதுவும் நான்தாங்க."

"இதுல யார் சொல்றது சரி?"

மனுக்கா நேர்மையாக யோசித்தாள். "எழுதினவ சொன்னதுதான் சரி. பதில் சொன்னவ முதல் மூணு மாசம் சப்பைக்கட்டு கட்டினா. அப்புறம் குழியைத் தோண்டிப் பாத்துத் திருந்திட்டா."

"எண்ணிக்கை எவ்வளவு?"

மேலாளர் தொண்டையைச் செருமினார். மனுக்கா அவர் பக்கம் பார்க்கவே இல்லை. "முந்நூத்திப் பதினொண்ணு. சந்தேகம்னு சொன்னது நேத்து போயிடுச்சு."

ஆய்வாளர் எழுதிவைத்துவிட்டுப் போன உத்தரவு, பத்து நாள் கழித்துத் தட்டச்சாகி வந்தது. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும்; அதை மேலிடம் கட்டிக்கொள்ளும். மற்றவைதான் மேலாளரை உலுக்கின. மேட்டுச் சரிவைப் படிபடியாக வெட்ட வேண்டும். ஒதுக்கிய மேல்மண்ணை, எங்கே இருந்தாலும் எடுத்து, அதன்மேல் பரப்ப வேண்டும். முதலில் புல், மரம் அப்புறம். 'எங்கே இருந்தாலும்' என்ற இடத்தில் அடிக்கோடு இருந்தது.

பொக்லைன் புல்தரையில் இறங்கிய காலை, மேலாளர் ரோஜாத் தொட்டிகளைத் தன் கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி வராந்தாவில் வைத்தார். பிறகு ஜன்னலை மூடிக்கொண்டார். மனுக்காவுக்குப் பாவமாக இருந்தது. செத்த செடியைப் பார்த்து நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு டீயைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மண் கிழக்குச் சரிவுக்குத்தான் போதுமாக இருந்தது. மேற்குச் சரிவு அப்படியே கிடந்தது, சிவப்பாக, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் இறங்கிக்கொண்டு. சுரங்கக் குழி ஆழமாகிக்கொண்டுதான் போனது, ஊர்க் கிணறுகள் இறங்கிக்கொண்டுதான் போயின. அவற்றைப் பற்றி மனுக்கா தனித்தனி மனு எழுதினாள். அவை அவள் பிரிவில் அடங்காததால் வேறு யாரோ பரிசீலித்தார்கள்.

ஆனால் கிழக்குச் சரிவில் முதல் மழைக்கு ஊசி ஊசியாக ஏதோ கிளம்பியது. மனுக்கா புல்விதை தூவியிருந்தாள். ஆனால் வந்ததெல்லாம் தூவிய புல் இல்லை. ஆமணக்கு வந்தது. ஒட்டுமுள் வந்தது. பொடிப்பொடியாக நீலப்பூ பூக்கும் ஒரு கொடி வந்தது. பன்னிரண்டு வருடம் குவியலுக்குள் இருட்டில் தூங்கிய விதைகள். பொக்லைன்காரர் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டு, "அட, இதை நான் வழிச்சுப் போட்ட அன்னிக்குப் பாத்தேன்," என்றார். தொலைந்துபோன சொந்தக்காரனை எவ்வளவோ காலத்துக்குப் பின் சந்தையில் பார்த்துவிட்ட முகம் அவருக்கு.

பக்கத்து வீட்டு ஆடுகள் ஒருநாள் மேய வந்தன. மனுக்கா கல்லெடுத்து விரட்டினாள். மறுநாள் ஆட்டுக்காரர், தண்ணீர் லாரிக்காரர் மூலமாகவே ஒரு மனு அனுப்பினார்: நாலு வருடம் முன்னால் தன் ஆடுகளுக்காகப் பரிந்து எழுதியவர் இன்று அவற்றின்மேல் கல்லெறிவது நியாயமா? ஏழு நாளுக்குள் பதில் எழுத வேண்டியிருந்தது. அவள் ஆறு நாள் யோசித்து, வேர் பிடிக்கும்வரை பொறுக்கவும், பிடித்தபின் அறுத்துத் தருகிறேன் என்று எழுதினாள். எழுதியபடியே அறுத்தும் கொடுத்தாள்.

மேலாளர் மாற்றலாகிப் போகவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க வாசல்பக்கம் பார்க்காமல் இருந்தவர், ஒரு சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு தானாகவே மேட்டில் ஏறி வந்தார். நீலப்பூவின் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா, இதெல்லாம் பதிவேட்டுல ஏத்தணும். பேர் எழுதணும், எண்ணிக்கை எழுதணும். தகடு கூட மாட்டிடலாம்."

"புல்லுக்கா சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, தகடு வேண்டாம்."

அடுத்த ஆய்வுக்கு அந்தப் பெண்மணியே வந்தார், இந்தமுறை செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு. மனுக்கா பதிவேட்டை நீட்டினாள். செடியின் பெயர் என்ற கட்டத்தில் பாதி இடத்தில், "பெயர் தெரியாது. நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்தது. எண்ணிக்கை என்ற கட்டத்தில், "முயன்றேன். முடியவில்லை."

"இதை மேலிடத்துல ஏத்துக்க மாட்டாங்களே," என்றார் ஆய்வாளர்.

"ஏத்துக்கலேன்னா ஒரு மனு எழுதுங்கம்மா. எப்படி எழுதணும்னு நான் சொல்லித் தர்றேன்."

ஆய்வாளர் சரிவில் பாதிவரை ஏறி, கீழே குனிந்து, கையை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு கையைத் தட்டாமலே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பக்கம் கறையாகிவிட்டது. மனுக்கா அதைப் பார்த்தாள். அவளுக்குக் கை பரபரத்தது. ஆனால் துடைக்கவில்லை. மேற்குச் சரிவுக்கு மண் எங்கே எடுப்பது என்று கேட்கப் பொக்லைன்காரர் கீழே காத்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் புது வெட்டு ஆரம்பிக்கப்போகிறார்கள், அதில் வழிக்கும் முதல் முழத்தை இந்தமுறை யாரும் கொண்டுபோவதற்குள் மடக்க வேண்டும். அவள் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு வேகமாக இறங்கினாள்.